எடுக்காமல் விட்ட சிரிப்பு

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும், புளியமரத்தில்தான் தொங்கும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. சித்திரை வெயிலில், மொட்டைப் பாறையில், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. நம்பாதவர்கள் ஓசூருக்குப் போய் மேகலாவைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அவள் தம்பி நவீன்குமாரை மட்டும் கேட்காதீர்கள். பாவம், அவன் இப்போதுதான் மறுபடி சிரிக்கப் பழகியிருக்கிறான்.

மேகலாவின் பிழைப்பு வீடியோ எடுப்பது. என்ன வீடியோ? ஓசூர் கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு வீடியோ. ஹெல்மெட் போடு, கையுறை போடு, ஓடும் மெஷினுக்குள் கையை விடாதே. இதையே வருஷக்கணக்கில் எடுத்து எடுத்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரே ஒரு உருப்படியான படம் எடுத்துவிட்டால் போதும் என்று கிடந்து தவித்தாள். அப்போதுதான் ‘காணிக்கல்’ அகப்பட்டது.

‘காணிக்கல்’ நாற்பது வருஷத்துக்கு முந்தைய படம். நில எல்லைக்கல்லை நகர்த்தவிடாமல் தடுத்துச் செத்துப்போகும் ஒரு குடியானவனின் கதை. முழுக்க சாமல்பட்டிப் பக்கத்துப் பாறைக்காட்டில் எடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்த யாரைக் கேட்டாலும் ஒரே ஒரு காட்சியைத்தான் சொல்வார்கள். கடைசியில் பாடை பாறைமேல் போகும். முகத்தையும் மூடி வெள்ளைத் துணி. தூக்குபவர்கள் தடுமாறுவார்கள். அப்போது துணிக்குள்ளிருந்து ஒரு கை நழுவி வெளியே விழுந்து, ஆடிக்கொண்டே போகும்.

அந்தக் கையைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அந்தக் கையைப் போஸ்டரில் போட்டார்கள். அந்தப் படம் உருவான கதையை ஆவணப்படமாக எடுக்க மேகலா கிளம்பினாள். அந்தக் கையில்தான் தன் படத்தை முடிப்பது என்றும் முடிவு செய்தாள்.

அன்றைக்கு அந்தப் படத்தில் உதவி இயக்குநராக இருந்த கிருஷ்ணப்பன் இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறார். அவர் வீட்டில் கேமராவை வைத்து அவரை உட்காரவைத்தாள். மனிதர் உற்சாகமாகப் பேசினார்.

“அந்தக் கை இருக்கே, அது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லம்மா. தானா விழுந்துச்சு. ரெண்டாவது டேக்குல. அமைஞ்சிடுச்சு, அவ்ளோதான்.”

“பாடையில படுத்திருந்தது ஹீரோவா சார்?”

“சேச்சே. அவருக்குப் பந்தலுக்குள்ள தனிப் பாடை, ஃபேன் வெச்சு. முகம் மட்டும் குளோசப் எடுத்தோம். முடிஞ்சதும் எழுப்பி உக்காரவெச்சு, கேமராவப் பாத்து சிரிக்கச் சொல்லி அதையும் எடுத்தோம். பொணமா நடிச்சவங்க எழுந்திரிச்சு சிரிச்சிடணும். அது சினிமாக்காரங்க சம்பிரதாயம். சிரிக்கலேன்னா சாவு அவங்க கூடவே போயிடும்னு சொல்லுவாங்க.”

“அப்ப பாறைமேல போற பாடையில?”

“அது டூப்பு. ஊர்க்காரன், முனிவேல்னு பேரு.”

“அவரு சிரிச்சத எடுத்தீங்களா?”

கிருஷ்ணப்பன் அவளை வேடிக்கையாகப் பார்த்தார். “மூஞ்சியே தெரியாதவனுக்கு எதுக்கும்மா சிரிப்பு? பிலிம் என்ன மரத்துலயா காய்க்குது?”

பிறகு அவரே பெருமையாக ஒன்று சொன்னார். “கன்டின்யூட்டி என் பொறுப்பு. காலையில கட்டுன கட்ட நான் அவுக்கவே விடல. ரெண்டு டேக்குலயும் ஒரு பூகூட இடம் மாறல. பாத்துக்க.”

முனிவேல் இப்போது எங்கே என்று கேட்டதற்கு, ஏதோ காய்ச்சலில் அப்போதே போய்விட்டதாகக் கேள்வி என்றார். மேகலா அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அந்தக் காட்சியை அதே பாறையில் மறுபடி நடித்து எடுப்பதென்று ஏற்பாடாயிற்று. பாடையில் படுக்க ஆள் வேண்டும். ஊர்க்காரர்கள் யாரும் வரவில்லை. ‘தூக்கறதுக்கு வரோம், படுக்கறதுக்கு வரமாட்டோம்’ என்று சொல்லிவிட்டார்கள். நவீன்தான் வாயைக் கொடுத்தான்.

“நான் படுத்துக்கறேன்க்கா. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா எனக்குத் தூங்க ஒரு எடம் கெடைச்சா போதும்.”

அவன் ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறான். எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிற பையன். சாவு வீட்டுக்கு அழைத்துப்போனால்கூட அவனை மூலையில்தான் உட்காரவைப்பார்கள்.

காலையிலேயே கட்டினார்கள். பச்சை மூங்கில், வைக்கோல் புரி, சாமந்தி, முகத்தையும் மூடிய துணி. இரண்டு கையும் துணிக்குள்ளே உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. முதல் டேக்கில் தூக்கியவர்களில் ஒருவன் கேமராவைப் பார்த்துவிட்டான். மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் கேமராமேன் பிரேம்குமாரின் லென்ஸில் ஏதோ கோளாறு. அதைச் சரி செய்ய நேரமாயிற்று.

“பையன அவுத்து நெழல்ல விடலாமா மேகலா?” என்றான் பிரேம்.

“வேணாம் பிரேம். கட்ட அவுத்தா கன்டின்யூட்டி போயிடும். அவன் தூங்கிட்டு இருப்பான், விடு.”

பாறை கொதித்தது. செருப்பைக் கழற்றினால் கால் பொசுங்கியது.

இரண்டாவது டேக். பாடை கிளம்பியது. முன்னால் தூக்கியவன் முகம் சுளித்தான். “இன்னாடா இது, முன்ன விட கனமா கீது...” என்று முனகினான். அவனை யாரும் கவனிக்கவில்லை. மேகலா மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடை தடுமாறியது.

துணிக்குள்ளிருந்து ஒரு கை நழுவி வெளியே விழுந்தது.

ஆடிக்கொண்டே போனது. படத்தில் வந்த அதே ஆட்டம். மேகலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷத்தில்தான். ‘கட்டு எப்போது தளர்ந்தது?’ என்று ஒரு நொடி தோன்றியது. மறு நொடி மறந்துபோயிற்று. ஆசை கண்ணை மறைக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

“சூப்பர்! ஆனா பாடைய அப்படியே கீழ வைங்க. இன்னொண்ணு எடுத்துடலாம். கட்ட அவுக்காதீங்க!”

பாடையைப் பாறைமேல் வைத்தார்கள். பிரேம் கேமராவை நகர்த்தினான்.

அப்போது துணிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.

முதலில் மெல்ல. பிறகு வாய்விட்டு.

எல்லோரும் திடுக்கிட்டு, பிறகு தாங்களும் சிரித்துவிட்டார்கள். “உன் தம்பிக்கு அதுக்குமேல அடக்க முடியல” என்றான் பிரேம். மேகலாவுக்கு எரிச்சல்தான். இருந்தாலும், சரி, சிரிப்பு ஷாட்டை இப்போதே எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கேமரா ஓடியது. பிரேம் எட்டித் துணியை விலக்கினான். முகம் சிரித்தது. கட்டை அவிழ்த்தார்கள். அவன் எழுந்து, யாரிடமும் பேசாமல், நேராக நடந்து வேனில் போய் உட்கார்ந்தான். சம்பிரதாயம் முடிந்தது என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

ஓசூர் வரும்வரை நவீன் வேனில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். உடம்பு நெருப்பாகச் சுட்டது. இரண்டு நாள் படுக்கையில் கிடந்துவிட்டு வேலைக்குப் போனான்.

அன்றைக்கு ஆரம்பித்தது.

அவன் கம்பெனி கேட்டில் முகத்தைப் பார்த்து உள்ளே விடும் மெஷின் ஒன்று உண்டு. முகம் தெரிந்தால் ‘தேங்க்யூ’ என்று சொல்லிக் கதவைத் திறக்கும். நவீன் முகத்தைக் காட்டினான். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கிட்டப் போனான். ‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’ என்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள், “முகம் கழுவிட்டு வாடா” என்று கேலி செய்தார்கள். செக்யூரிட்டி கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்.

மறுநாளும் அதேதான். ஆட்கள் வந்து அவன் முகத்தைப் புதிதாகப் பதிவு செய்யப் பார்த்தார்கள். மெஷின் அவன் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடவே இல்லை. அவன் தோளுக்குப் பின்னால் காலியாக இருந்த சுவரில் ஒரு முறை கட்டம் போட்டுவிட்டு, அழித்தது.

அவன் போனும் அவன் முகத்துக்குத் திறக்கவில்லை.

வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. மேகலா ஏதாவது கிண்டல் செய்தால், காது கேட்காதவன்போல் அவளையே பார்த்தான். மதிய வெயில் ஏறினால் எழுந்து போய் வாசலில் நின்றான். கூப்பிட்டால் வரமாட்டான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவனாகவே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“அக்கா. சிரிப்பு ஷாட்டு எடுத்தியா?”

“எடுத்தோமேடா. நீதான் துணி எடுக்கறதுக்கு முன்னயே கெக்கெக்கேன்னு சிரிச்சியே.”

“நான் சிரிக்கல.”

“டேய்...”

“மொத டேக்கு முடிஞ்சு கீழ வெச்சாங்க இல்ல... அப்ப மூச்சு முட்டுச்சு. கூப்புட்டேன். சத்தம் வரல. அதுக்கப்பறம் ஒண்ணும் தெரியாது. கண்ணு முழிச்சா வேன்ல இருக்கேன்.”

“நீதானடா வேனுக்கு நடந்து வந்த?”

“தெரியாதுக்கா.”

அவள் எழுந்து எடிட் ரூமுக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலில் நல்ல வெயில். அந்தக் கிளிப்பைத் திறந்தாள்.

பாடை. துணி. பிரேமின் கை.

முதலில் சத்தம்தான் உறைத்தது. சிரிப்புக்கு முன்னால் ஒரு மூச்சு. நெடுநேரம் கிணற்றுத் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் மேலே வந்து இழுக்கும் மூச்சு.

பிறகு துணி விலகியது.

முகம் சிரித்தது.

அது நவீன் இல்லை.

முப்பது வயதிருக்கும். மெல்லிய மீசை. முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. வெயிலுக்குக் கூசிய கண்கள்.

அன்றைக்குப் பாறையில் எல்லோர் கண்ணுக்கும் நவீனாகத் தெரிந்தவன், கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

சிரித்து முடித்துவிட்டு... காத்திருந்தான்.

‘போதுமா?’ என்று கேட்பவனைப்போல.

மேகலா நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடிவந்தாள். நவீன் வாசல் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

சிரிப்பை எடுக்காமல் விட்ட அந்த டூப்பு முனிவேல்தான் நினைவுக்கு வந்தான். பிரேமுக்குப் போன் போட்டாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மூவரும் சாமல்பட்டிக்குக் கிளம்பினார்கள்.

முனிவேலின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் மனைவி கெம்பம்மா வேலியோரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நறுக்கென்று பேசுகிற பெண்பிள்ளை. மகள் ரூபா மாங்கூழ்க் கம்பெனி வேலை முடிந்து, தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் அப்போதுதான் வந்து நின்றாள்.

மேகலாவுக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அவ்வளவுதான்.

கெம்பம்மா கத்தவில்லை, அழவில்லை. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

“சிரிக்கறாரு” என்றாள்.

“யாரும்மா அது?” என்று ரூபா கேட்டாள். அவளுக்குத் தெரியாது. அவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பன் போய்விட்டான். வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. படத்தில் இருக்கிறார் என்று ஊரே சொல்லும். ஆனால் துணியும் கையும்தான் இருக்கும்.

“உங்கப்பன்டி.”

ரூபா திரைக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கெம்பம்மா மகளைப் பார்க்கவில்லை. நவீனைப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்தப் புள்ளதான் படுத்துச்சா?”

“ஆமாம்மா.”

“இது சிரிச்சுதா?”

“இல்ல.”

“அப்ப இன்னா பாத்துகினு நிக்கற? பொழுது சாயறதுக்குள்ள கூட்டினு வா.”

அதே பாறை. வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. பாடை கட்ட நேரமில்லை. கெம்பம்மா வீட்டிலிருந்து எடுத்துவந்த வேட்டியைப் பாறைமேல் விரித்தாள். நவீனைப் படுக்கவைத்து, வேட்டியின் மறுபாதியால் முகத்தை மூடினாள். பிரேம் கேமராவை ஓட்டினான்.

மேகலா துணியை விலக்கினாள்.

நவீன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை.

“சிரிடா.”

இல்லை.

“டேய்... அக்கா சொல்றேன்டா...”

உதடு நீலம் பாரித்தது.

மறுபடி மூடினாள். மறுபடி விலக்கினாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை.

கெம்பம்மா எழுந்தாள். நவீனுக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத வெறும் பாறையைப் பார்த்துப் பேசினாள். புருஷனை அதட்டுகிற குரல்.

“நீ சிரிச்சாச்சு இல்ல? அந்தாண்ட போ. புள்ள சிரிக்கட்டும்.”

காற்று நின்றது.

எங்கோ ரயில் ஹாரன் கேட்டது.

பாறையில் ஒரு சிறு கல் உருண்டது. தானாக உருண்டு, சரிவில் இறங்கி, கண்ணுக்கு மறைந்தது.

மேகலா அழுதுகொண்டே வாய்க்கு வந்ததைப் பேசினாள். “வேலைக்குப் போன மொத நாளு ஹெல்மெட்டோடயே வீட்டுக்கு வந்தியேடா... அதோடயே சாமி கும்பிட்டியே... அம்மா பாக்காம ஹெல்மெட்டு மேலயே துன்னூறு பூசிவிட்டாளே...”

நவீனின் கன்னம் லேசாகத் துடித்தது.

“அது... உள்ள போகலன்னு... ஊதி வேற விட்டாங்கக்கா” என்றான்.

சிரித்தான். இருமி, புரண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிரேம் கேமராவை அணைக்கக்கூட மறந்துவிட்டு நின்றான். மேகலா தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. அவன் பையிலிருந்த போனை எடுத்து முகத்துக்கு நேரே காட்டினாள். திறந்துகொண்டது.

மறுநாள் கம்பெனி கேட்டில் மெஷின் ‘தேங்க்யூ’ என்றது.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கே, பாறையிலிருந்து இறங்கும்போது, மேகலா கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டாள்.

“அவருக்கு என்ன காய்ச்சல்மா?”

கெம்பம்மா நின்றாள்.

“காய்ச்சலா? அப்படிச் சொல்லச் சொன்னாங்கோ. காலையில கட்டிப் படுக்கவெச்சாங்கோ. ஒருவாட்டி எடுத்தாங்கோ. அப்பறம் ஹீரோவுக்கோசரம் எல்லாரும் பந்தலுக்குப் போயிட்டாங்கோ. கட்ட அவுத்தா கெட்டுடும்னு அந்தாள அப்படியே வெயில்ல உட்டுட்டாங்கோ. சாயந்தரம் வந்து தூக்கினப்ப, ‘கனக்குது’ன்னு தூக்கினவங்க சொன்னாங்களாம். எடுத்து முடிச்சுத்தான் துணிய எடுத்துப் பாத்தாங்கோ.”

மேகலா பாறையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தக் கை...”

“அது விழுந்தப்ப அவரு இல்ல கண்ணு. முன்னயே போயிட்டாரு.” கெம்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஷூட்டிங்குக்குக் கட்டுன பாடையிலயேதான் வீட்டுக்குத் தூக்கினு வந்தாங்கோ. புதுசா கட்ற வேலகூட இல்லாம போச்சு. ஒரு பூகூட இடம் மாறல.”

ரூபா வீட்டில் இப்போது ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. மெல்லிய மீசை, பல் சந்து, வெயிலுக்குக் கூசிய கண்கள். பாறைமேல் எடுத்தது. யாராவது வந்து, எந்த வருஷம் எடுத்த போட்டோ என்று கேட்டால், ரூபா பேச்சை மாற்றிவிடுவாள்.

மேகலாவின் ஆவணப்படம் வந்துவிட்டது. அதில் கை இல்லை. கெம்பம்மா பாறைமேல் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததைத் தன் வாயால் சொல்கிறாள். அதில்தான் படம் முடிகிறது. கிருஷ்ணப்பன் போன் செய்து சத்தம் போட்டாராம். மேகலா கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவளைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. அந்தப் பழைய பேய் இல்லை. அது நல்ல பேய். அவளை அரிப்பது ஒரே ஒரு கணக்கு. அன்றைக்கு நவீனுக்கு மூச்சு முட்டியது முதல் டேக் முடிந்ததுமே. லென்ஸ் சரி செய்த நேரம் முழுக்க அவன் துணிக்குள்ளே நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். இரண்டாவது டேக்கையும் அவள் எடுத்தாள். கட்டை அவிழ்க்காதீர்கள் என்று மறுபடியும் கத்தினாள்.

அந்தச் சிரிப்பு மட்டும் வந்திருக்காவிட்டால், அவள் மூன்றாவது டேக்கும் எடுத்திருப்பாள்.